பெராக்சிடேஸ் சோதனையில் டயனிசிடினுக்குப் பதில் என்ன போடலாம்? நாப்தைலமைடு, ஃபாஸ்ட் புளூ பற்றியும் ஒரு கேள்வி

செக்காலை உயிர்வேதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் முதுகலை மாணவர்களின் நொதிச் செய்முறைப் புத்தகத்தைத் திருத்தும் வேலை நடக்கிறது. பழைய புத்தகத்தில் மூன்று சோதனைகள் நெருடுகின்றன.

முதலாவது, முள்ளங்கிச் சாற்றில் பெராக்சிடேஸ் அளப்பது. சப்ஸ்ட்ரேட் (நொதி வினைபுரியும் பொருள்) ஆர்த்தோ-டயனிசிடின், 460 நானோமீட்டரில் ரீடிங். ஜெல்லில் பட்டை பார்க்க பென்சிடின் என்று எழுதியிருக்கிறது.

இரண்டாவது, முளைவிட்ட பயறில் லூசின் அமினோபெப்டிடேஸ். சப்ஸ்ட்ரேட் லூசின்-2-நாப்தைலமைடு.

மூன்றாவது, பூச்சி எஸ்டரேஸ். 1-நாப்தைல் அசிட்டேட் போட்டு, ஃபாஸ்ட் புளூ பி உப்பில் நிறம் வரவைத்து 600 நானோமீட்டரில் அளப்பது.

பென்சிடின் ஆகாது என்பது தெரியும். மற்றவற்றில் எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்? மாற்றினால் அளவுகள் என்ன, பழைய எண்களோடு ஒப்பிட முடியுமா? எங்களிடம் இருப்பது சாதாரண யு.வி.-விசிபிள் கருவியும் 1 செ.மீ. குவெட்டும்தான். பிளேட் ரீடர் கிடையாது. மே மாதத்தில் மேசை மேல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்.

இன்னொன்று: அலமாரியில் பழைய பென்சிடின் பாட்டில் ஒன்று, பாதி காலியாக நிற்கிறது. டயனிசிடினும் கொஞ்சம் உண்டு. அவற்றை என்ன செய்வது?

---

கோட்டையூர் நொதி எழுதியது:

மேடம், முதல் சோதனைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்ற இரண்டும் தேவகோட்டை ரஸ்தா சாருக்கு நன்றாகத் தெரியும்.

பென்சிடின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாட்டில் 1ஆம் தொகுதி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி, இடம் சிறுநீர்ப்பை. ஆர்த்தோ-டயனிசிடினும் ஆர்த்தோ-டோலிடினும் 2பி தொகுதி. இரண்டும் பென்சிடின் எலும்புக்கூட்டின் மேல் மெத்தாக்சியோ மெத்தைலோ ஒட்டியவைதான். 2பி என்றதும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதரிடம் சான்று போதவில்லை என்பதுதான் அதற்குப் பொருளே தவிர, பாதுகாப்பானது என்பதல்ல. தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதால், தூளை நிறுக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் மாணவருக்கு உண்மையான ஆபத்து.

உங்கள் கருவிக்கும் பாடத்துக்கும் குவாயகால் போதும். விலை குறைவு, நிறுக்கத் தூளும் இல்லை. குடித்தால் தீங்கு, தோலிலும் கண்ணிலும் எரிச்சல், வாசனை தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

சாறு: 1 கிராம் முள்ளங்கியை 5 மி.லி. குளிர்ந்த 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் (பி.எச். 7.0), ஐஸில் வைத்த கல்வத்தில் அரைக்கவும். முருங்கைக் கீரை மாதிரி பாலிஃபீனால் நிறைந்த இலை என்றால் பஃபரில் 1 சதவீதம் பி.வி.பி. (பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்) கட்டாயம். இல்லாவிட்டால் சாறு அரைக்கும்போதே பழுப்பாகிவிடும், நொதியும் பாதி போய்விடும். 10,000 ஜி-யில் 15 நிமிடம், 4 டிகிரியில் சுழற்றி மேல்நீரை ஐஸில் வையுங்கள்.

குவாயகால் ஸ்டாக் 100 மில்லிமோலார்: 1.24 கிராம், அதாவது ஏறத்தாழ 1.1 மி.லி., 100 மி.லி. நீரில். பிசுபிசுப்பாக அடியில் நிற்கும், காந்தக் கலக்கியில் விட்டு முழுக்கக் கரைந்த பிறகே எடுக்கவும். இதைவிட மிகச் செறிவாகச் செய்ய முயன்றால் நீரில் கரையாது. பழுப்பு பாட்டிலில் வையுங்கள். நிறம் ஏறிய ஸ்டாக் வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஸ்டாக் 120 மில்லிமோலார்: 30 சதவீதத் திரவத்தில் 1.2 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குங்கள். ஆனால் பாட்டிலில் 30 சதவீதம் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நம்மூர் வெயிலில், அதுவும் மின்சாரம் போய்ப்போய் வரும் குளிர்பெட்டியில், அது குறைந்துகொண்டே வரும். ஸ்டாக்கைப் பத்து மடங்கு நீர்த்து 240 நானோமீட்டரில் பாருங்கள். மோலார் உறிஞ்சு கெழு 43.6, ஆகவே 12 மில்லிமோலாருக்கு 0.52 வரவேண்டும். 0.40 வந்தால் அந்தக் கணக்குப்படி திருத்திக்கொள்ளுங்கள். தினமும் புதிதாகச் செய்யுங்கள்.

குவெட்டில்: 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் (பி.எச். 6.5) 2.2 மி.லி., குவாயகால் 0.6 மி.லி., சாறு 0.1 மி.லி., கடைசியாகப் பெராக்சைடு 0.1 மி.லி. மொத்தம் 3 மி.லி.; குவாயகால் 20, பெராக்சைடு 4 மில்லிமோலார் என்று அமையும். 470 நானோமீட்டரில் 15 விநாடிக்கு ஒருமுறை, 2 நிமிடம் வரை ரீடிங். நேர்கோடாக ஏறும் பகுதியை மட்டும் எடுங்கள். நிமிடத்துக்கு 0.05 முதல் 0.3 வரை ஏறினால் நல்ல கோடு. அதற்கு மேல் போனால் சாற்றை நீர்க்க வேண்டும்.

உண்டாகும் நிறப்பொருளான டெட்ராகுவாயகாலின் கெழு ஒரு மில்லிமோலாருக்கு 26.6. ஏற்றம் நிமிடத்துக்கு 0.24 என்றால் 0.24 × 3 ÷ (26.6 × 0.1) = 0.27, அதாவது ஒரு மி.லி. சாற்றில் நிமிடத்துக்கு 0.27 மைக்ரோமோல் டெட்ராகுவாயகால். செலவான குவாயகாலாகச் சொல்ல வேண்டுமானால் நான்கால் பெருக்க வேண்டும். இந்த நான்கை ஒருவர் போட்டு ஒருவர் விடுவதால்தான் வெவ்வேறு கட்டுரைகளின் எண்கள் ஒத்துப்போவதில்லை. எதைச் செய்தீர்கள் என்று புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் அரை நிமிடம் நிறமே வராமல் பிறகு திடீரென ஏறினால், சாற்றில் அஸ்கார்பேட் (வைட்டமின் சி) இருக்கிறது. உண்டாகும் நிறத்தை அது திரும்ப வெளுக்கவைக்கிறது. சிறிய செஃபடெக்ஸ் ஜி-25 தூணில் சாற்றை இறக்கினால் சரியாகும். ஆரம்பத்தில் வேகமாக ஏறி உடனே படுத்துவிட்டால் பெராக்சைடு அதிகம், நொதியே செயலிழக்கிறது. பஃபர் கெடாமல் இருக்க யாராவது சோடியம் அசைடு சேர்த்திருந்தால் நிறமே வராது, அது பெராக்சிடேஸின் ஹீமைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுச் செய்முறையில் ‘அறை வெப்பம்’ என்றிருப்பது 20 முதல் 25 டிகிரி. நம் அறை வெப்பம் அதுவல்ல. குவெட்டை 30 டிகிரி நீர்த்தொட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, வெப்பத்தையும் குறித்துக்கொண்டு அளப்பதுதான் நேர்மை.

இன்னும் நுட்பமாக அளக்க வேண்டுமானால் ஏ.பி.டி.எஸ். என்ற சப்ஸ்ட்ரேட் நல்லது. 55 மி.கி.யை 10 மி.லி. நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். குவெட்டில் 1 மில்லிமோலார் வருமாறு, பி.எச். 5.0 அசிட்டேட் பஃபரில், 420 நானோமீட்டரில், கெழு ஒரு மில்லிமோலாருக்கு 36.0. பச்சை நிறம் நெடுநேரம் நிற்கும். பி.எச். 6-ஐத் தாண்டினால் உணர்திறன் விழுந்துவிடும். விலை மட்டும்தான் குறை.

டி.எம்.பி. (டெட்ராமெத்தைல் பென்சிடின்) பற்றியும் கேட்பீர்கள். பென்சிடின் வளையத்தில் இரண்டு அமினோ தொகுதிகளுக்கும் பக்கத்தில் உள்ள நான்கு இடங்களையும் மெத்தைலால் அடைத்து, 1974இல் பென்சிடினுக்கு மாற்றாகவே கொண்டுவரப்பட்ட பொருள் அது. ஏம்ஸ் சோதனையில் (பாக்டீரியாவில் மியூட்டேஷன் பார்ப்பது) பென்சிடின் போல மியூட்டேஷன் தருவதில்லை. எலைசாவில் எல்லோரும் இதற்கு மாறியது அதனால்தான். 10 மி.கி.யை 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைத்து, அதில் 100 மைக்ரோலிட்டரை 9.9 மி.லி. பாஸ்பேட்-சிட்ரேட் பஃபரில் (பி.எச். 5.0) விட்டு, பயன்படுத்தும் முன் 30 சதவீதப் பெராக்சைடு 2 மைக்ரோலிட்டர் சேர்க்க வேண்டும். நீலம் 652-இல் கெழு ஒரு மோலாருக்கு 39,000. 100 மைக்ரோலிட்டருக்கு 50 மைக்ரோலிட்டர் 2 மோலார் கந்தக அமிலம் விட்டால் மஞ்சளாகி 450-இல் 59,000. அமிலம் விட்ட பிறகும் பச்சையாக நின்றால் கலக்கல் போதவில்லை, அல்லது அமிலம் போதவில்லை. நீலம் திரிதிரியாக வீழ்படிந்தால் நொதி மிக அதிகம். டி.எம்.எஸ்.ஓ. குளிர்பெட்டியில் உறைந்துவிடும், உருகும் வரை பொறுத்துக் கலக்கிய பிறகே எடுக்கவும். அதில் கரைந்ததைத் தோலுக்குள் கூட்டிக்கொண்டு போகும் கரைப்பான் அது. ஆகவே நைட்ரைல் கையுறை போடுங்கள். சிந்தினால் உடனே கழற்றி வேறு மாட்டுங்கள்.

பழைய டயனிசிடின் எண்களோடு ஒப்பிட முடியாது. டயனிசிடினுக்குக் கெழு ஒரு மில்லிமோலாருக்கு 11.3, வினை வேகமும் வேறு. முள்ளங்கியில் பல ஐசோநொதிகள் (ஒரே நொதியின் வெவ்வேறு வடிவங்கள்) உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சப்ஸ்ட்ரேட்டை விரும்பும். ஒரு எண்ணால் பெருக்கி மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

கோட்டையூர் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மேடம் பட்டியலில் எனக்கு அதிகக் கவலை தருவது டயனிசிடின் அல்ல. இரண்டாவது சோதனைதான்.

லூசின்-2-நாப்தைலமைடு பாட்டிலைப் பார்த்தால் சாதுவாக இருக்கும், எச்சரிக்கைப் படமும் பெரிதாக இருக்காது. ஆனால் அமினோபெப்டிடேஸ் அதை வெட்டும்போது வெளியே விழுவது 2-நாப்தைலமின். பென்சிடின் போலவே 1ஆம் தொகுதி. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கவனித்துச் சொன்னார். பின்னாளில் அந்தப் பழி வந்து சேர்ந்த அமீன்களில் முக்கியமானது இது. பிரிட்டன் 1967 விதிகளில் பென்சிடினையும் இதையும் தடை செய்தது. நாம் அதை வாங்கவில்லை, ஆனால் சோதனைக் குழாயில் செய்கிறோம். சோதனை எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு 2-நாப்தைலமின்! பென்சாயில்-ஆர்ஜினின்-நாப்தைலமைடு, அதாவது பானா, அதற்கும் இதே கதி.

அதனால் சப்ஸ்ட்ரேட் வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நொதி இதை வெட்டினால் என்ன வெளியே வரும்? இது எதிலிருந்து செய்யப்பட்டது? பெயரில் ‘நாப்தைலமைடு’ இருந்தால் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். பீட்டா-குளுகுரோனிடேஸுக்கு ஃபினால்ப்தலீன் குளுகுரோனைடு போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெளியே வரும் ஃபினால்ப்தலீன் 2பி தொகுதி. பாரா-நைட்ரோஃபினைல் குளுகுரோனைடு கிடைக்கிறதே.

அமினோபெப்டிடேஸுக்கு லூசின் பாரா-நைட்ரோ அனிலைடு போடுங்கள். 25 மி.கி.யை 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் 100 மில்லிமோலார். 3 மி.லி. குவெட்டில் 50 மில்லிமோலார் டிரிஸ் பஃபர் (பி.எச். 8.0) 2.87 மி.லி., பயறுச் சாறு 0.1 மி.லி., ஸ்டாக் 30 மைக்ரோலிட்டர். சப்ஸ்ட்ரேட் 1 மில்லிமோலார், டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதம். 405-இல் நேரடியாக மஞ்சள் ஏறுவதைப் பார்க்கலாம். நாப்தைலமைடு முறையில் நிறுத்தி, டயசோ இணைப்பு செய்து, காத்திருந்து அளக்கும் வேலையே இல்லை. கெழு புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும், 10,000-க்கு அக்கம்பக்கம். அதே பஃபரில் பாரா-நைட்ரோ அனிலின் 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை ஐந்து புள்ளி போட்டு உங்கள் கருவிக்கு நீங்களே கோடு வரைந்துகொள்வது நல்லது.

கெடும் இடம்: சப்ஸ்ட்ரேட்டைக் குளிர்ந்த பஃபரில் விட்டால் பால் போலக் கலங்கும். 405-இல் ரீடிங் தானாகத் துள்ளினால் அதுதான் காரணம். பஃபரை 30 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஸ்டாக்கை மெல்ல விட்டுக் கவிழ்த்துக் கலக்குங்கள். அமினோபெப்டிடேஸ்களில் பல உலோகம் தேடும் நொதிகள், ஆகவே உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வைப் பஃபரில் போடாதீர்கள். பாரா-நைட்ரோ அனிலினும் நச்சுதான், தோல் வழியே போய் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்காத மெத்தீமோகுளோபினை உண்டாக்கும். கையுறை இங்கும் வேண்டும். ஆனாலும் 2-நாப்தைலமினோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஃப்ளோரிமீட்டர் உள்ளவர்கள் ஒளிரும் ஏ.எம்.சி.யை விடுவிக்கும் சப்ஸ்ட்ரேட்டுக்குப் போகலாம், 380-இல் தூண்டி 460-இல் அளப்பது.

மூன்றாவது சோதனையில் 1-நாப்தைல் அசிட்டேட் பற்றிக் கவலை இல்லை. வெளியே வருவது 1-நாப்தால், அமீன் அல்ல. சிக்கல் நிறம் தரும் உப்பில். ஃபாஸ்ட் புளூ பி என்பது டயனிசிடினை டயசோ ஆக்கிச் செய்த துத்தநாக உப்பு. முதல் சோதனையில் வாசல் வழியாக வெளியேற்றிய ஆள் மூன்றாவதில் கொல்லை வழியாக வருகிறார். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஃபாஸ்ட் புளூ ஆர்.ஆர்., ஃபாஸ்ட் புளூ பி.பி. இரண்டும் டயனிசிடினிலிருந்து வந்தவை அல்ல. ஆர்.ஆர். போட்டால் 1-நாப்தாலுக்கு 450-இல் அளக்க வேண்டும், 600 அல்ல. இதை மாற்ற மறந்து, நொதியே இல்லை என்று எழுதிவைக்க வாய்ப்பு அதிகம். டயசோ உப்பு எதுவானாலும் அன்றன்று கரைத்து, ஐஸில், வெளிச்சம் படாமல். பழுப்பேறிய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிது செய்யுங்கள்.

டயசோவே வேண்டாம் என்றால் பாரா-நைட்ரோஃபினைல் அசிட்டேட் இருக்கிறது. அசிட்டோநைட்ரைலில் 100 மில்லிமோலார் ஸ்டாக், குவெட்டில் 1 மில்லிமோலார், 405. இது நொதி இல்லாமலே மெல்ல உடையும், நம்மூர் வெப்பத்தில் இன்னும் வேகமாக. ஒவ்வொரு முறையும் சாறில்லாத வெற்றுக் குவெட் வைத்துக் கழிக்க வேண்டும். பாரா-நைட்ரோஃபீனாலின் பி.கே.ஏ. 7.15 என்பதை மறக்காதீர்கள். பி.எச். 7.4-இல் 64 சதவீதம்தான் மஞ்சள் அயனியாக இருக்கும், 7.0-இல் 41 சதவீதம். முழு அயனிக்கான 18,000 கெழுவை அப்படியே போட்டால் விடை அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

---

புதுவயல் மைக்ரோ எழுதியது:

‘எதிலிருந்து செய்யப்பட்டது’ என்ற கேள்வியை நுண்ணுயிரி ஆய்வகத்துக்கும் கொண்டுவர வேண்டும் ஐயா. செல்லுலேஸ் பார்க்கிறவர்கள் எல்லோரும் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தைல் செல்லுலோஸ்) அகார் தட்டில் காங்கோ ரெட் ஊற்றி, 1 மோலார் உப்புநீரில் கழுவுகிறார்கள். காங்கோ ரெட் பென்சிடினிலிருந்து வந்த சாயம். பென்சிடினாக உடையும் சாயங்களும் 1ஆம் தொகுதிதான். குடலிலும் மண்ணிலும் உள்ள பாக்டீரியாவின் அசோரிடக்டேஸ் அந்த உடைப்பைச் செய்யும்.

மாற்று எளிது: கிராம் அயோடின். 1 கிராம் அயோடின், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 300 மி.லி. நீர். தட்டில் ஊற்றி 3 முதல் 5 நிமிடம், பிறகு கொட்டிவிடலாம். உப்புக் கழுவல் தேவையில்லை, வளையம் காங்கோ ரெட்டைவிடத் தெளிவாக விழும். ஊடகத்தில் ஸ்டார்ச் இருக்கக் கூடாது, இருந்தால் அமைலேஸ் வளையத்தைச் செல்லுலேஸ் என்று எண்ணிவிடுவோம். நிறம் சீக்கிரம் மங்கும், உடனே படம் எடுங்கள். செல் எண்ணிக்கைக்குப் போடும் டிரைப்பான் புளூவும் டோலிடினிலிருந்து வந்தது, 2பி. ஈஸ்ட் என்றால் மெத்திலீன் புளூ போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்டாங்கி நெசவு நடக்கும் ஊர் என்பதால் சாயநீரை பாக்டீரியாவால் வெளுக்கவைக்கும் திட்டங்கள் இங்கே நிறைய வரும். தட்டு வெளுத்துவிட்டது, ஆகவே நீர் சுத்தமாகிவிட்டது என்று முடிவுரை எழுதுவார்கள். காற்றில்லாத நிலையில் அசோப் பிணைப்பு உடைந்தாலே நிறம் போய்விடும். அமீன் அங்கேயேதான் இருக்கும். பென்சிடின் வகைச் சாயத்தில் செய்திருந்தால் தொடங்கியதைவிட மோசமான நீர் கையில் இருக்கும். எச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்தறியும் கருவி) அமீனைத் தேடிப் பார்க்காமல், அதற்குப் பின் காற்றோட்டமுள்ள இரண்டாம் கட்டம் இல்லாமல், ‘நச்சு நீக்கம்’ என்ற சொல்லைப் போடக் கூடாது. இந்தியாவில் 112 அசோ சாயங்கள் தடைப்பட்டியலில் உள்ளன. மாணவருக்குச் சாயம் தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

---

செக்காலை உயிர்வேதி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நாப்தைலமைடு பற்றி யோசிக்கவே இல்லை, அந்தச் சோதனையை இன்றே எடுத்துவிடுகிறோம். ஜெல்லில் பெராக்சிடேஸ் பட்டைக்கு என்ன போடுவது? டி.எம்.பி. போட்டால் நிறம் ஜெல்லுக்குள் பரவிவிடும் என்று படித்தேன். டி.ஏ.பி. (டயமினோ பென்சிடின்) பரவாயில்லையா? இலையில் பெராக்சைடு பார்க்கவும் அதைத்தான் சொல்கிறார்கள். பழைய பாட்டில்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டு வைத்தால் போதும் என்கிறார்கள், சரியா?

---

கானாடுகாத்தான் எழுதியது:

மேடம், பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். நிறம் மாறுவதைப் பார்த்து அழிந்துவிட்டது என்று நினைப்போம். டி.ஏ.பி.யை ஹைப்போகுளோரைட்டில் போட்டால் மிஞ்சுவது ஏம்ஸ் சோதனையில் மியூட்டேஷன் தருகிறது. பென்சிடின் குடும்பம் எதற்கும் அந்த வழியில் போகாதீர்கள்.

பாதி பாட்டில் பென்சிடினை நீங்கள் அழிக்க முயலக் கூடாது. திறக்கவும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு போட்டு, பாட்டிலின் வெளிப்புறத்தை ஈரத்தாளால் துடைத்து, தடித்த ஜிப் பையில் போட்டு, அந்தப் பையை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பூட்டுங்கள். துடைத்த தாளும் கையுறையும் அதே டப்பாவுக்குள் தனிப் பையில். மேலே பெயர், தோராயமான அளவு, ‘புற்றுநோய்க் காரணி’, தேதி. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயகரக் கழிவு நிறுவனத்தின் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அதற்கான நிலையம் இருக்கிறது. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி படிவம் 10 (கழிவை அனுப்பும் சீட்டு) உடன் போகும், அதன் நகலைக் கல்லூரிக் கோப்பில் வைக்க வேண்டும். ஒரு பாட்டிலுக்காக வண்டி வராது என்பார்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் கழிவோடு சேர்த்து ஒரே முறையாக அனுப்பப் பேசிப் பாருங்கள். டயனிசிடினும் நாப்தைலமைடும் ஃபாஸ்ட் புளூ பி-யும் அதே டப்பாவில் போகட்டும்.

நீர்த்த டி.ஏ.பி. கழிவை மட்டும் ஆய்வகத்திலேயே அழிக்கலாம். செறிவு ஒரு மி.லி.க்கு 0.9 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது, அதிகமானால் நீர்த்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. கழிவுக்கு 0.2 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 5 மி.லி., 2 மோலார் கந்தக அமிலம் 5 மி.லி. பெர்மாங்கனேட் ஒரு லிட்டருக்கு 31.6 கிராம். அமிலம் ஒரு லிட்டருக்கு 112 மி.லி. அடர் அமிலம், நீரில் அமிலத்தை விட வேண்டும், மாற்றி அல்ல. ஃபியூம் ஹூட்டில், மூடியை இறுக்காமல், குறைந்தது 10 மணி நேரம் வையுங்கள். ஊதா நிறம் காலையிலும் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெர்மாங்கனேட் போதவில்லை, இன்னும் சேர்க்கவேண்டும். பிறகு நிறம் போகும் வரை அஸ்கார்பிக் அமிலம், கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலை.

இதில் உயிர் போகும் தவறு ஒன்று உண்டு. அடர் கந்தக அமிலத்தையும் பெர்மாங்கனேட் தூளையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். ஆல்கஹாலோ டி.எம்.எஸ்.ஓ.வோ கலந்த கழிவை இந்த முறைக்குக் கொண்டுவரக் கூடாது. டி.எம்.பி. கழிவைத் தனிப் பாட்டிலில் சேர்த்து நிறுவனத்திடமே கொடுங்கள்.

தரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் ஆய்வகம் நடக்கும் இடங்களில் ஆத்தங்குடிக் கல் இருக்கும். பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் அது சிமென்ட், உறிஞ்சும். டி.எம்.எஸ்.ஓ. கரைசல் சொட்டினால் உள்ளே இறங்கி நிற்கும், பிறகு துடைத்தால் வராது. நிறுக்கும் மேசைக்கும் பிப்பெட் செய்யும் இடத்துக்கும் விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு, அதன் மேல் பின்புறம் பிளாஸ்டிக் ஒட்டிய உறிஞ்சுதாள். தூள் சிந்தினால் விளக்குமாறு எடுக்காதீர்கள், ஈரத்தாளால் ஒற்றி எடுங்கள்.

தூள் நிறுக்கும்போது, காலியான மூடியுள்ள குப்பியை முதலில் நிறுத்து, ஹூட்டுக்குள் கொண்டுபோய்த் தோராயமாகப் போட்டு மூடி, மறுபடி நிறுத்து, வந்த எடைக்கு ஏற்றபடி கரைப்பானைக் கணக்கிட்டு விடுங்கள். சரியாக 10.0 மி.கி. வரவேண்டும் என்று கரண்டியால் தட்டிக்கொண்டிருப்பதில்தான் தூள் பறக்கிறது. மாத்திரையாகவோ கரைசலாகவோ கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

---

கோட்டையூர் நொதி எழுதியது:

ஜெல் கேள்விக்கு: டி.எம்.பி. பரவும் என்பது சரிதான். டி.ஏ.பி.யைப் பாதுகாப்பானதாக எண்ண வேண்டாம், பென்சிடின் எலும்புக்கூடுதான். நேட்டிவ் ஜெல்லுக்கு 4-குளோரோ-1-நாப்தால் போடுங்கள். 3 மி.கி.க்கு 1 மி.லி. மெத்தனால் என்று கரைத்து, அதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு பஃபர் சேர்த்து, கடைசியில் பெராக்சைடு 0.01 சதவீதம். நீல-ஊதாப் பட்டை ஜெல்லிலேயே வீழ்படிந்து நிற்கும். வெளிச்சத்தில் மங்கும், நீரில் கழுவி அரைமணிக்குள் படம் எடுத்துவிடுங்கள். பட்டை வலுவாக இருந்தால் குவாயகாலே போதும்: 0.1 மோலார் அசிட்டேட் பஃபரில் (பி.எச். 5.0) 20 மில்லிமோலார் குவாயகால், 4 மில்லிமோலார் பெராக்சைடு. பத்து நிமிடத்தில் செம்பழுப்புப் பட்டை, ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

இலையில் பெராக்சைடு பார்க்க டி.ஏ.பி.க்கு நிகரான இடம்காட்டும் பொருள் எளிதில் இல்லை. ஒரு மி.லி.க்கு 1 மி.கி., பி.எச். 3.8, பிறகு கொதிக்கும் எத்தனாலில் பச்சையம் நீக்குவது. இதை மாணவர் செய்முறையில் வைக்காமல் ஆராய்ச்சிக்கு மட்டும், ஹூட் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் கழுவலிலும் டி.ஏ.பி. இருக்கும், கானாடுகாத்தான் சொன்னபடி அது பெர்மாங்கனேட்டுக்குப் போகக் கூடாது.

புத்தகத்தைத் திருத்தும்போது இன்னும் இரண்டு பக்கம் தேடிப் பாருங்கள் மேடம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் சோதனை பழைய பதிப்புகளில் டயனிசிடினில் இருக்கும். ஃபீனால், 4-அமினோ ஆன்டிபைரின் சேர்ந்த டிரிண்டர் முறைக்கு மாற்றி 505-இல் அளக்கவும். குடிநீர்க் குளோரினுக்கு ஆர்த்தோ-டோலிடின் சொட்டு என்று இருந்தால் டி.பி.டி. என்ற நிறம் காட்டும் பொருளைப் போடுங்கள். மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் பென்சிடின் சோதனை இருந்தால் குவாயக் முறை. குவாயக் என்பது மரப்பிசின், குவாயகால் வேறு, பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள். பச்சை முள்ளங்கியும் ஆட்டுக்கறியும் அதில் பொய் நீலம் காட்டும், வைட்டமின் சி மாத்திரை இருக்கும் நீலத்தை மறைக்கும், ஆகவே மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.